ஹென்றி ராஜாவின் சரணாகதி

அன்றைக்குப் பரமசிவ முதலியாரின் அச்சுக்கூடத்தில் கூடியவர்கள் நாலு பேர். முதலியார் தம் மேஜைக்குப் பின்னால், எப்போதும் உட்காருகிற பிரம்பு நாற்காலியில். அவருக்கு எதிரே, எழுத்துப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரித்திர உபாத்தியாயர் அழகியமணவாளன். ஜன்னலோரத்துப் பெஞ்சியில், மடியில் தடிப் புஸ்தகத்தோடு, மிஷன் பெண் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி லில்லி. அவளுக்குத் துணையாக வந்த தகப்பனார் முனிரத்தினம், சர்ச்சில் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர், வாசலை ஒட்டிக் கிடந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாபா உபதேசியாரே, நாற்காலி போட்டிருக்குது, அங்க போய் உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றார் முதலியார்.

"இங்க காத்து நல்லா வருது முதலியாரே."

"காத்து வர்ற எடத்துக்கு நாற்காலிய இழுத்துப் போடறேன், எழுந்திருங்க. அது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற காயிதம். நீங்க உக்காந்து எழுந்தா ரெண்டு முகூர்த்தம் நசுங்கிப் போவும்."

லில்லி சிரித்தாள். முனிரத்தினம் நாற்காலிக்கு மாறினார்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது அழகியமணவாளன்தான். அவர் வீடு சின்னக் காஞ்சிபுரத்தில், ஐயங்கார்கள் குடியிருக்கிற தெருவில். அங்கே லில்லியை அழைக்க முடியாது. அவள் வீட்டுக்கு இவர் போனால் இருக்கிற தகராறு போதாதென்று இன்னொன்று முளைக்கும். முதலியாரின் அச்சுக்கூடமோ பெரிய காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் இருந்தது. பட்டு வியாபாரிகள் பில் புஸ்தகம் அடிக்க வருவார்கள், பாதிரியார்கள் துண்டுப் பிரசுரம் அடிக்க வருவார்கள், கோவில்காரர்கள் உற்சவப் பத்திரிகை அடிக்க வருவார்கள். அங்கே யார் யாரோடு உட்கார்ந்தாலும் அச்சு வேலை என்று பேர்.

வந்த காரியம் ஒரு கட்டுரை. சென்னையில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து, உலக விஷயங்களையெல்லாம் அகர வரிசைப்படுத்தித் தமிழில் ஒரு பெரிய புஸ்தகமாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். ஐரோப்பிய சரித்திரத்தில் சில தலைப்புகள் அழகியமணவாளனிடம் வந்தன. 'ஏதென்ஸ்' ஒரு திருத்தமும் இல்லாமல் அச்சுக்குப் போயிற்று. 'கனோசா' மட்டும் திரும்பி வந்துவிட்டது. கனோசா என்பது இத்தாலி தேசத்து மலைக்கோட்டை ஒன்று. எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஜெர்மானிய ராஜாவான நான்காம் ஹென்றி, தன்னைச் சபையை விட்டு விலக்கிய போப் ஏழாம் கிரெகரியிடம் மன்னிப்புக் கேட்டு, அதன் வாசலில் வெறுங்காலோடு பனியில் மூன்று நாள் நின்றான்.

திரும்பி வந்த கட்டுரையில் நீலப் பென்சிலால் இரண்டே கேள்விகள். 'அதிகார விஷயமாக வழக்கு உண்டாயிற்று என்கிறீர்கள். எந்த அதிகாரம்?' என்பது ஒன்று. கடைசி வாக்கியம், 'சக்கரவர்த்தி இவ்வாறு சரணாகதி செய்யவே, போப் மன்னித்தருள, அத்துடன் வழக்குத் தீர்ந்தது.' அதன் பக்கத்தில், 'தீர்ந்ததா? ஆதாரம் எழுதவும். கட்டுரையைச் செம்மை செய்து உடனே அனுப்ப வேண்டுகிறோம்.'

முதல் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாமல் இல்லை. எழுதக் கை வரவில்லை. அத்தியட்சர் என்கிற சபைத் தலைவருக்கு மோதிரமும் கோலும் கொடுத்துப் பதவியில் அமர்த்துவது ராஜாவின் கையா, போப்பின் கையா என்பதுதான் ஐரோப்பாவில் நடந்த சண்டை. அதைப் பச்சையாக எழுதினால், படிக்கிற காஞ்சிபுரத்தான் எவனும் இந்த மனுஷன் தன் கதையை எழுதியிருக்கிறான் என்பான்.

அவர் கதையும் அதுதான். அவர்கள் தெருவிலிருந்த சின்னப் பெருமாள் கோவிலில் பிரபந்தம் ஓதிச் சேவிக்கிற கோஷ்டிக்கு ஒரு தலைவர் உண்டு. புதிதாகத் தலைவராகிறவருக்குப் பெருமாள் உடுத்திக் களைந்த வஸ்திரத்தைத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். கட்டுவதற்குத் தர்மகர்த்தாவின் உத்தரவு வேண்டுமா, கோஷ்டியே தீர்மானித்தால் போதுமா என்று வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போயிற்று. கோஷ்டியில் பாதிப் பேரைப் போல அழகியமணவாளனும் சாட்சிக் கூண்டில் ஏறினார். "உம்முடைய சிறு பிராயத்தில் பரிவட்டம் கட்டுமுன் தர்மகர்த்தாவின் உத்தரவை வாசித்தார்களா?" என்று வக்கீல் கேட்டார். வாசித்தார்கள். கண்ணால் பார்த்தவர். "ஆமாம், வாசிச்சா" என்று சொல்லிவிட்டார். கோஷ்டி தோற்றது.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கோஷ்டியின் தலைவர் தேவராஜாச்சாரியார் அவரைக் குலத்துரோகி என்றார். அழகியமணவாளனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "உங்க பரிவட்டத்தை நீங்களே தலையோட கால் சுத்திண்டு படுத்துக்கோங்கோ!" என்று கத்தினார். சேவகர்கள், கட்சிக்காரர்கள், அடுத்த வழக்குக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். எண்பது வயதுக் கிழவரைப் பார்த்துப் பிணமாகச் சுற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தை. சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மறு நாளிலிருந்து கோஷ்டியில் அவருக்கு இடமில்லை, தீர்த்தமில்லை. தெருவில் யாரும் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. பெண் ஹேமாம்புஜத்துக்கு வாலாஜாபாத்தில் நிச்சயமாகி, தையில் கல்யாணம். தேவராஜாச்சாரியார் சொல்லாமல் புரோகிதர் வரமாட்டார். கோஷ்டி வராத கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் சம்மதிக்கமாட்டார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்றைக் கோஷ்டியே எழுதி, அவர் மைத்துனன் யதிராஜனிடம் கொடுத்தனுப்பியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னும் விழுந்து சேவித்தால் சேர்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை யதிராஜன் அதை வாங்கிப் போக வருவான். அன்று ஞாயிறு.

"இன்னா சாமி, நாளைக்குக் கையெழுத்தாமே?" என்றார் முதலியார். ஊரில் அவருக்குத் தெரியாத சேதி கிடையாது.

"போட்டுடப் போறேன். விழறதுன்னு ஆனப்புறம் அளந்து பார்த்து விழ முடியுமா?" என்ற அழகியமணவாளன், பேச்சை மாற்ற லில்லி பக்கம் திரும்பினார். "குடுத்தனுப்பின கட்டுரையைப் படிச்சிருப்பேள், சொல்லுங்கோம்மா. அந்த முதல் கேள்விக்கு நான் எழுதிக்கறேன். இந்தக் கடைசி வரிக்குத்தான் உங்க சபைச் சரித்திரத்திலேருந்து ஆதாரம் வேணும்."

லில்லி புஸ்தகத்தில் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள்.

"தீரலையே சார்."

"என்னது?"

"வழக்கு தீரல. மன்னிச்ச மூணாவது வருஷம் போப் மறுபடியும் அவரை விலக்கிட்டாரு. ராஜாவும் சும்மா இல்ல. படையெடுத்து ரோமாபுரிக்கே போயி, வேற ஒருத்தரைப் போப்பா உக்கார வெச்சு, அவர் கையால சக்கரவர்த்திக் கிரீடம் வெச்சுக்கிட்டாரு. கிரெகரி ஊரை விட்டுப் போயி, போன எடத்துலயே செத்துட்டாரு. இன்னொண்ணு சார், நீங்க ஆரம்பத்துலேருந்து சக்கரவர்த்தின்னு எழுதியிருக்கீங்க. கனோசாவுல நின்னப்போ அவர் வெறும் ராஜாதான்."

அழகியமணவாளன் புஸ்தகத்தை வாங்கித் தாமே படித்துப் பார்த்தார். அவர் படித்த காலேஜுப் பாடப் புஸ்தகம் பனியில் நின்ற காட்சியோடு அத்தியாயத்தை முடித்திருந்தது. மிச்சத்தை முடித்தது அவர்.

"அதெப்படி? சரணாகதின்னு பண்ணினா ஒரே தரம்தான். பண்ணினவனோட பாரம் அத்தோட இறங்கிடும். அதுக்கப்புறம் அவன் செய்யறதுக்கு ஒண்ணுமே பாக்கி கிடையாது. அதைத்தானே எங்க பெரியவா சொல்லியிருக்கா."

"அது பெருமாள்கிட்ட பண்றது சாமி," என்றார் முதலியார். "இங்க நின்னது போப் தங்கியிருந்த வூட்டு வாசல்ல. மனுஷன்னா அப்புறமும் நாலு விஷயம் பாக்கி இருக்கத்தான் செய்யும்."

"நானும் மூணு நாள் யோசிச்சேன் சார், நீங்க எப்படி இதை எழுதினீங்கன்னு," என்றாள் லில்லி. "இப்பத்தான் தெரியுது." குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே ஓர் ஆச்சரியம் தீர்ந்தது. "எனக்கு இதுல வேற ஒண்ணு புரியல. ஒரு மோதிரம், ஒரு கோல். ரெண்டும் சேர்ந்து என்ன வெலை இருக்கும்? யார் குடுத்தா என்ன? இதுக்குப் போயா ராஜ்யத்தைப் பணயம் வெப்பாங்க?"

"வெலையா!" அழகியமணவாளன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒரு முழத் துணிக்கு இந்த ஊர்ல என்ன வெலை? பரிவட்டமும் துணிதானேம்மா. யார் கை கட்டறதுங்கறதுலதானே இருக்கு! கட்டின கைக்குத்தான் நாளைக்கு அவிழ்க்கவும் அதிகாரம். அத்தியட்சருக்குக் கோலைக் குடுக்கற கைக்குப் பிடுங்கவும் தெரியும். அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்னு ஊருக்கெல்லாம் தெரியற இடம் அது ஒண்ணுதான்."

"எங்க சர்ச்சுல காணிக்கைப் பைய யாரு எடுத்துக்கினு வர்றதுன்னு ரெண்டு வூட்டுக்காரங்க வருஷக்கணக்கா பேசிக்கிறதில்ல," என்றார் முனிரத்தினம். "பையில விழறது காலணா. ரெண்டு பேரும் அடக்கம் பண்ற எடத்துல மட்டும் ஒண்ணா நிப்பாங்க."

"கேட்டுக்கோங்க. இதையும் கட்டுரையில சேத்துடுங்க சாமி," என்றார் முதலியார்.

லில்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். "இன்னும் ஒண்ணு சார். மறுபடி விலக்கினப்போ போப் சொன்னாராம். கனோசாவுல நான் இவரைச் சபையிலதான் சேத்துக்கிட்டேன், ராஜ்யத்தைத் திருப்பிக் குடுக்கலன்னு. ராஜா ரெண்டும் ஒண்ணாவே கெடச்சுதுன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு போல."

"ஒரே வாசல்ல, ஒரே நாள்ல நடந்தது ரெண்டு காரியமா?"

"ஆமா சார். அதை யாரும் அங்கேயே பிரிச்சுச் சொல்லல. அதான் அத்தனை சண்டையும். ரெண்டு பேரும் செத்து, ராஜாவோட மகன் காலத்துல, வொர்ம்ஸ்னு ஒரு ஊர்ல உக்காந்து பிரிச்சாங்க. மோதிரமும் கோலும் சபையோட கை. அத்தியட்சரோட நிலபுலத்துக்கு உண்டான உரிமை மட்டும் ராஜாவோட கை. அதுக்கு அடையாளமா அவர் தன் செங்கோலால குடுக்கலாம்."

அழகியமணவாளன் குறித்துக்கொண்டே வந்தார். வொர்ம்ஸ் என்று எழுதிய பிறகு பேனா நின்றுவிட்டது. முதலியார் இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்தவர் அங்கவஸ்திரத்தைக்கூடக் களையாமல் மேஜையில் உட்கார்ந்தார். விளக்கு வைக்குமுன் கட்டுரையின் முதல் பாதி முடிந்துவிட்டது. 'அத்தியட்சருக்கு மோதிரமும் கோலும் அளிக்கும் உரிமை யாருடையது என்பதே வழக்கு. அவ்வுரிமை உடையவருக்கே அத்தியட்சர் கட்டுப்பட்டவர் என்பது உலகறிய விளங்குமாகையால், இரு திறத்தாரும் அதனை விடத் துணியவில்லை.' எழுதியதைப் படித்தார். படிப்பவன் என்ன நினைத்தால் என்ன என்று தோன்றியது. ஒருவரையும் அதில் திட்டவில்லை.

அப்புறம் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினார். 'போப் ராஜாவை மீண்டும் சபையில் சேர்த்துக்கொண்டார். ஆயினும் வழக்கு தீரவில்லை. மன்னிப்பு எதற்கு, எதற்கு இல்லை என்பது அங்கே தெளிவாகச் சொல்லப்படவில்லை.'

உள்ளேயிருந்து மனைவி வத்ஸலா, "ஏன்னா, தளிகை ஆயிடுத்து," என்றாள். சொல்லிக்கொண்டே வந்து பார்த்தாள். அவர் மடியிலிருந்து கோஷ்டியின் கடிதத்தை எடுத்துக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லே."

"நாளைக்குக் காத்தால யதிராஜன் வரான். ஒரு மன்னிப்புதானே, எழுதிக் குடுத்துடுங்கோன்னு எத்தனை நாளாச் சொல்றேன்?"

"ஒரு மன்னிப்பு இல்லேடி. படிச்சுப் பாரு."

அவர் அதுவரை அவளிடம் அதைக் கொடுத்ததில்லை. வத்ஸலா விளக்கடியில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பெரியவரைக் குறித்து என் வாயால் செய்த அபசாரத்துக்கும், கோர்ட்டில் சொன்ன பொய்ச் சாட்சிக்கும் மன்னிப்புக் கோரி, கோஷ்டியின் திருவடிகளில் விழுகிறேன்.'

"பொய்ச் சாட்சியா? நீங்க பொய்யா சொன்னேள்?"

"பார்த்ததைத்தான் சொன்னேன்."

"அப்போ இது என்னத்துக்கு?"

"கோஷ்டிக்காரா செங்கல்பட்டு ஜில்லாக் கோர்ட்டுல அப்பீல் போட்டிருக்கா. இந்தக் காகிதம் கையில இருந்தா ஜெயிச்சுடலாம். சரணாகதின்னு ஆனப்புறம் இது பொருந்தறது, இது பொருந்தலேன்னு பார்க்கப்படாதுன்னு நினைச்சிண்டிருந்தேன். பெண் கல்யாணம் நடக்கணுமேன்னு…"

வத்ஸலா கடிதத்தை மேஜையில் வைத்தாள். "சாப்பிட வாங்கோ," என்றாள். மோர் விடும்போதுதான் சொன்னாள். "வாலாஜாபாத்துச் சம்பந்தி கிராம முன்சீப். கோர்ட்ல பொய் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் பொண்ணுன்னு நாளைக்கு அவா ஹேமாவைச் சொல்லமாட்டாளா?"

காலையில் யதிராஜன் வந்தபோது, அழகியமணவாளன் ராத்திரியே மனசில் எழுதி வைத்திருந்ததைக் காகிதத்தில் எழுதி முடித்திருந்தார். யதிராஜன் நல்ல பிள்ளை. அக்காள் வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று கட்டுப்பாடு வந்ததிலிருந்து, வாசல் நிலையில் நின்றபடியே பேசிவிட்டுப் போவான். பேசும்போது உள்ளே பார்க்கமாட்டான்.

"அத்திம்பேர், கொடுத்த கடுதாசி எங்கே? இது நீங்களே எழுதினதுன்னா!"

"உள்ளே வந்து உட்கார்ந்து படி."

"வெளிச்சம் இங்கேதான் நன்னா இருக்கு." அவன் நின்றபடியே படித்தான்.

'தேவரீர் திருவடிகளிலே அடியேன் அழகியமணவாளன் தண்டன் சமர்ப்பித்துச் செய்யும் விண்ணப்பம். கோர்ட்டு வாசலில் அடியேன் தேவரீரைக் குறித்துச் சொன்ன வார்த்தை மகா அபசாரம். அதைச் சொன்ன நாள் முதல் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கினேனில்லை. அதற்காகக் கோஷ்டியார் குறிக்கும் இடத்தில், குறிக்கும் நாளில், எத்தனை பேர் முன்னிலையிலும் விழுந்து சேவிக்கக் காத்திருக்கிறேன். அதை மன்னிப்பதும் மன்னியாததும் தேவரீர் சித்தம். கோர்ட்டில் சொன்னது வேறு விஷயம். சிறு பிராயத்தில் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அதற்கு அடியேன் மன்னிப்புக் கேட்டால் பெருமாள் முன்னிலையில் இரண்டாவது அபசாரமாகும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து அடியேனைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வருத்தத்துக்கு இடமாகும்.'

யதிராஜன் கடைசி வரிகளைத் தொட்டுக் காட்டினான். "சேர்த்துக்க வேண்டாம்னு நீங்களே எழுதியிருக்கேளே!"

"அப்படிச் சேர்த்துக்க வேண்டாம்னுதான் எழுதியிருக்கேன். சரியாப் படி."

"ஒரு வரி அத்திம்பேர். ஒரே ஒரு வரி. அதுல கையெழுத்துப் போட்டுட்டு, அப்பீல்ல கூப்பிட்டா உடம்பு சரியில்லேன்னு படுத்துண்டுடலாமே."

"அப்போ நான் பண்ணின சரணாகதியை அவா ஒண்ணா நினைச்சிண்டிருப்பா, நான் ரெண்டா நினைச்சிண்டிருப்பேன். அப்படி ஒரு ராஜா பண்ணினான். மூணாம் வருஷம் மறுபடி சண்டை."

"எந்த ராஜா?"

"உனக்கு வேண்டாம்டா அந்த ராஜா. இங்கே பாரு," என்று குறுக்கிட்டாள் வத்ஸலா. இத்தனை நாளும் யதிராஜன் பக்கம் பேசியவள் அவள்தான். "உன் மருமாளைப் பொய்ச் சாட்சிக்காரன் பொண்ணா மணையில உட்கார வைக்கணுமா? நீயே சொல்லு."

யதிராஜன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தான். இம்முறை உதடு அசைந்தது. "விழறதைப் பத்தி எழுதியிருக்கேளே, அது மனசார எழுதினதா?"

"அந்த வார்த்தைக்கு நான் கன்னத்துல போட்டுக்காத நாள் இல்லே யதிராஜா. வழக்கு ஜெயிச்சாலும் தோத்தாலும் அதுக்கு நான் விழத்தான் விழணும்."

"பெரியவர் ரெண்டு நாள் முன்னாடி என்கிட்ட கேட்டார். அவன் சொன்னானே, அதை நினைச்சுத்தான் வருத்தப்படறானா, இல்லே கல்யாணத்துக்காக வரானான்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலே." யதிராஜன் கடிதத்தை மடித்தான். "இதை அவர் கையில குடுத்தா பக்கத்துல இருக்கறவா பிடுங்கிண்டு கோர்ட்டு விஷயத்தை மட்டும் படிச்சுக் காட்டுவா. நானே படிக்கறேன். ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் கோஷ்டியில நின்னு நானே படிக்கறேன்."

"அவா உன்னையும் கோஷ்டியை விட்டு நிறுத்தி வைப்பா."

"வெச்சா அக்கா ஆத்துல சாப்பிட்டுக்கறேன். இப்போ இதை உறையில போட்டு ஒட்டிக் குடுங்கோ. திறந்த கடுதாசியாக் கொண்டு போனா, வழியில நான் மாத்திட்டேன்னு சொல்லுவா."

வத்ஸலா உள்ளே போய் விளக்கையும் அரக்குக் குச்சியையும் எடுத்து வந்தாள். அழகியமணவாளன் கடிதத்தை உறைக்குள் செருகி, மேலே தேவராஜாச்சாரியாரின் பெயரைக் குறைவில்லாத பட்டங்களோடு எழுதினார். அரக்கைத் தீயில் காட்டினார். முதல் சொட்டு மேஜையில் விழுந்தது. அடுத்த சொட்டு சரியான இடத்தில் விழுந்தது. பள்ளிக்கூட முத்திரையை வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, அது சொந்தக் காரியத்துக்கு ஆகாதென்று கட்டை விரலையே வைத்து அழுத்தினார். சுட்டது. எடுக்கவில்லை.

யதிராஜன் உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். படியிறங்கிப் போனவன், தேவராஜாச்சாரியார் வீடு இருக்கிற கோவில் பக்கமாகவே திரும்பி நடந்தான்.